மூன்றாவது ஸ்பிரிங்

புதுத் துறைமுகம் வந்த வருஷம் அது. சூடேறினால் பழைய வடிவத்துக்குத் தானே திரும்பி, மக்ரூன் பலகாரம் சுடும் அடுப்பின் கதவைத் திறந்துவிடும் ஸ்பிரிங் மறுபடியும் உடைந்துவிட்டது. செய்து கொடுத்த உலோகவியல் விரிவுரையாளர் செல்வதுரையின் முகம் சுண்டியது.

"இது தாங்கும், இனி நான் வரவேண்டியதில்லைன்னு சொன்னீயளே தம்பி?" என்றார் பேக்கரிக்காரர் கிருபாநிதி.

"போன தடவை அலுமினியம் கூடி, உலோகத்துக்குள்ள இருக்க மணியெல்லாம் ரவை மாதிரி பெருசாகி, மணி இடுக்குல விரிசல் விட்டுட்டு அண்ணாச்சி. இந்தத் தடவை கலவைய மாத்தி, மைதா மாதிரி நைசாக்கித்தான கொண்டாந்தேன்!"

"பின்ன ஏன் உடைஞ்சுது?"

செல்வதுரை லென்ஸ் வைத்துப் பார்த்தான். உடைந்த இடத்தில் பாதிவரை அரம் ஓடிய கோடுகள்.

நிமிர்ந்தான். கல்லாவில் கிருபாநிதியின் மகள் தேவகனி, மேசையிலிருந்த அரத்தைச் செய்தித்தாளால் மூடினாள்.

"கலவை இன்னும் சரியாகல அண்ணாச்சி," என்றான். "அடுத்த சனிக்கிழமையும் வாரேன்."