பதினேழாவது நொடி

ரயில் இருக்கையின் ரெக்சின் உறை ஓர் ஓரத்தில் கிழிந்திருந்தது. அவள் குனிந்து பார்த்தாள்.

உள்ளே ரோஜா நிற ஸ்பாஞ்ச். விளிம்பில், மங்கிய மையில் ஓர் எண்.

நாற்பத்தொன்று.

நான்கு வருடங்களாக, ஏறிய ரயிலில் எல்லாம் இப்படித் தேடியிருக்கிறாள். கம்மல் விழுந்துவிட்டது என்று கூசாமல் பொய் சொல்வாள். அந்த எண் இல்லை என்று தெரிந்த பிறகுதான் அவளுக்கு மூச்சு வரும்.

இன்று இருந்தது.

அதன்மேல் ஓர் இளம் தாய், கைக்குழந்தையை அணைத்தபடி படுத்திருந்தாள்.

"என்னக்கா தேடுறீங்க?"

"கம்மலும்மா. கெடச்சிருச்சு."

"எங்க எறங்கணும்?"

"காட்பாடி. நீ தூங்கு."

ரயில் இருக்கைகளுக்கு ஸ்பாஞ்ச் செய்யும் தொழிற்சாலையில் அவளுக்கு வேலையே தீ வைப்பதுதான். வெட்டிய துண்டில் சுடரைக் காட்டிவிட்டு, எத்தனை நொடியில் அணைகிறது என்று எண்ண வேண்டும். குளோரின் சேர்ந்த ஒரு திரவத்தைக் கலந்திருப்பார்கள். அங்கே எல்லோருக்கும் அது மருந்து. மருந்து சரியாக இருந்தால் பதினைந்து நொடிக்குள் தீ தானாகச் செத்துவிடும்.

நான்கு வருடத்துக்கு முன் ஒருநாள் டிரம்மில் மருந்து அடிமட்டம். நாற்பத்தொன்றாம் எண் போட்ட ஸ்பாஞ்ச் பதினேழாவது நொடியில்தான் அணைந்தது. வாசலில் வீட்டுக்குப் போகும் கம்பெனி வண்டி ஹார்ன் அடித்துக்கொண்டே இருந்தது.

பதினான்கு என்று எழுதிவிட்டு ஓடினாள், பாவி.

மதிய வெயில் குழந்தையின் மேல் கோடு கோடாக நகர்ந்தது. பெட்டியே அரைத்தூக்கத்தில் மிதந்தது. கிழிசலிலிருந்து மருந்தின் லேசான இனிப்பு வாசனை வருவதுபோல் இருந்தது. அவளுக்கும் கண் சொருகியது.

ஸ்பாஞ்சின் ஒவ்வொரு துளையிலும் ஒரு குழந்தை சுருண்டு படுத்திருந்தது. எல்லாம் ஒன்றாக மூச்சு விட்டன.

திடுக்கிட்டு விழித்தாள்.

எதிரே ஒரு பெரியவர் தீக்குச்சியால் காது குடைந்துகொண்டிருந்தார்.

காட்பாடி வந்துவிட்டது. பிளாட்பாரத்தில் அவளுடைய அக்கா, தலை நிறையப் பூவோடு, ஜன்னல் ஜன்னலாக எட்டிப் பார்த்துக்கொண்டே வந்தாள். நாளை அக்கா மகளுக்கு நிச்சயதார்த்தம்.

அவள் பையைத் தூக்கினாள்.

பெரியவர் குச்சியைத் துடைத்தார். தீப்பெட்டிக்குள் பத்திரமாகத் திரும்ப வைத்து, சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

அவளுக்கு அழுகை வந்தது. நின்றபடியே எண்ணிக்கொண்டிருந்தாள்.

பதினைந்து. பதினாறு. பதினேழு.

ரயில் நகர்ந்தது.

"அக்கா, காட்பாடி போகுதே!"

அவள் உட்கார்ந்து, பையை மடியில் வைத்துக்கொண்டாள்.

"நீ எங்கம்மா எறங்கணும்?"

"ஈரோடு."

"நானும் அங்கதாம்மா. நீ தூங்கு."