அரையிஞ்சு ஜல்லி

கடைசி மூட்டையையும் பால்கனியில் கவிழ்த்துவிட்டு ஜல்லிக்காரர் கேட்டார். "என்னம்மா, வீடு கட்டறீங்களா?"

"ஆமாங்க. ஒரு ஆளுக்கு."

அவர் சிரித்துக்கொண்டே படியிறங்கினார். அண்ணி சிரிக்கவில்லை.

"மூணாவது மாடிக்கு ஜல்லி ஏத்தின ஒரே குடும்பம் நாமதான். கோழி கீழி வளக்கப் போறியா?"

"இல்ல அண்ணி. உக்காரப் போறேன்."

ஜல்லியைக் காலால் தள்ளித் தள்ளிப் பரப்பச் சொல்லி ஜல்லிக்காரரிடம் கேட்டிருந்தேன். நன்றாகவே பரப்பியிருந்தார். நாற்காலியை என் அறைப் பால்கனியின் கடைசி மூலைக்கு இழுத்துப்போய், சுவரில் முதுகைக் கொடுத்து உட்கார்ந்தேன். எனக்கும் இந்தக் குடும்பத்துக்கும் நடுவில் பால்கனி நீளத்துக்கு ஜல்லி.

வெறுங்காலால் அளைந்து பார்த்தேன். குத்தியது. குத்தட்டும்.

முதலில் நான் கேட்டது ஒரு தாழ்ப்பாள்தான்.

என் அறைக் கதவில் இருந்ததை அண்ணன் எப்போதோ கழற்றிவிட்டான். நான் உள்ளே வழுக்கி விழுந்து கிடந்தால் கதவை யார் உடைப்பது என்று கேட்டான். இந்த வீட்டில் இதுவரை வழுக்கி விழுந்தவன் அவன் ஒருவன்தான்.

அப்புறம், வாசலுக்கு ஒரு திரையாவது போடுங்கள் என்றேன். உனக்கு எதுக்குத் திரை என்று சிரித்தார்கள்.

எட்டிப் பார்ப்பது இந்த வீட்டின் வியாதி. நான் உடை மாற்றும்போதும் பார்ப்பார்கள், சும்மா படுத்திருக்கும்போதும் பார்ப்பார்கள். வந்த விருந்தாளிகூட என் அறை வாசலில் நின்று ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் காபிக்குப் போவார். நின்றதும் தெரியாது, போனதும் தெரியாது. அடுத்த நாள் அண்ணி கேட்பாள். "நேத்து தனியா சிரிச்சிட்டிருந்தியே, யாரை நெனச்சு?" அப்போதுதான் தெரியும்.

கேட்டால் அக்கறை என்பார்கள். அக்கறை இருக்கிறவர்கள் "நான்தான்" என்று ஒரு வார்த்தை சொல்லலாம். நான் டெலிபோன் ஆபரேட்டர். ஆபீஸில் டீ கொண்டுவருகிறவர்கூடத் தன் பெயரைச் சொல்லிவிட்டுத்தான் என் மேஜைக்கு வருவார். வீட்டில் அந்த நாகரிகம் கிடையாது.

போன வாரம் அண்ணன் புதிதாக ஒன்றை ஆரம்பித்தான். "நீ பேசாம ஹால்ல கட்டில் போட்டுக்க. எல்லாரும் பக்கத்துலயே இருப்போம்ல."

ஹால் என்றால் இருபத்துநாலு மணி நேரமும் காட்சிதான். மாட்டேன் என்றேன். அன்றைக்கே ஜல்லிக்கடைக்குப் போன் போட்டேன்.

யார் வந்தாலும், வருவது எனக்குத் தெரிய வேண்டும். நான் கேட்பது அவ்வளவுதான்.

உட்கார்ந்து அரை மணி நேரம்கூட ஆகவில்லை. சரக்.

"யாரு?"

"நான்தான். காயப்போட்ட துணி எடுக்க வந்தேன்," என்றாள் அண்ணி.

கொடியை நான் காலையிலேயே அவிழ்த்துவிட்டிருந்தேன். அதைச் சொல்லவில்லை. அவளே சற்று நேரம் நின்றுவிட்டுத் திரும்பிப் போனாள். சரக் சரக்கென்று போனாள். காதுக்கு அத்தனை இதமாக இருந்தது.

சாயங்காலம் அண்ணன் வந்தான். அறை வாசலிலிருந்தே கத்த ஆரம்பித்து, ரப்பர் செருப்போடு ஜல்லிமேல் ஏறினான். கோபம் வந்தால் அவன் குதிகாலை ஊன்றித்தான் நடப்பான்.

"என்ன கூத்து இது? மழை பெஞ்சா தண்ணி எப்படி வடியும்? நாளைக்கே ஆளக் கூப்பிட்டு அள்ளிடறேன்."

"அள்ளினா மறுபடியும் கொட்டுவேன்."

"உன்ன யாரு இங்க எட்டிப் பாக்கறா? சொல்லு. நம்ம வீட்டு ஆளுங்களத் தவிர இங்க யாரு வர்றா?"

நான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

அண்ணன் ஒரே இடத்தில் நின்றுதான் பேசினான். ஜல்லி வேறொரு பக்கம் நகர்ந்தது.

செருப்பில்லாத கால். கல் குத்தியதும் பல்லிடுக்கில் இழுத்த மூச்சு. எங்கள் வீட்டில் யாரும் பூசாத ஏதோ ஒரு சென்ட். அண்ணன் சட்டென்று குரலை உயர்த்தினான். தன் சத்தத்தில் அந்தச் சத்தம் அமுங்கிவிடும் என்று கணக்குப் போட்டிருக்க வேண்டும்.

எனக்குக் கண் தெரியாது. பிறந்ததிலிருந்தே. வாயை மூடிக்கொண்டு நின்றால் தாங்கள் அங்கே இல்லை என்று இந்த வீட்டில் எல்லோரும் நம்புகிறார்கள்.

"உங்களத்தான் சார்," என்றேன். "அண்ணனுக்கு அந்தப் பக்கம் நிக்கறீங்களே. நீங்க யாரு?"

அண்ணன் பாதி வாக்கியத்தில் நின்றான்.

"ஸாரி மேடம்." இளவயதுக் குரல். "ரூம் வாடகைக்கு விடறதா சொன்னாங்க, பால்கனியோட. நீங்க ஒண்ணாம் தேதி ஹாலுக்கு மாறிடுவீங்கன்னு... பேசாம பாத்துட்டு மட்டும் வரச் சொன்னாங்க."

"நான் மாறலைங்க."

"சரிங்க மேடம். தப்பா எடுத்துக்காதீங்க."

மரியாதை தெரிந்த பிள்ளை. ஒவ்வொரு அடியும் காதில் விழும்படி நிதானமாக நடந்து வெளியே போனான். வாசல் கதவு சாத்திய சத்தமும் கேட்டது.

அண்ணன் போகவில்லை. ஒரு கல்கூட நகரவில்லை. மூச்சைக்கூட அடக்கிக்கொண்டான். அசையாமல் இருந்தால் இப்போதும் அங்கே இல்லாமல் போய்விடலாம் என்று நினைத்தான் போலிருக்கிறது.

கால்களை மடக்கி நாற்காலியில் ஏற்றிக்கொண்டேன்.

"போறதுன்னா சத்தமாப் போ," என்றேன். "நிக்கறதுன்னா பேசு."