மாடிக்கு மேலே ஒரு சாய்வு

கடலுக்கு நடுவே இருக்கும் எண்ணெய்க் கிணற்றிலிருந்து ஹெலிகாப்டரில் திரும்பும்போதெல்லாம், விமானி டெரன்ஸ் தன் வீட்டு மொட்டைமாடிக்கு மேலே அதை ஒருமுறை லேசாகச் சாய்ப்பான். காய்ந்த துணியை எடுக்க வந்த மனைவி ஜெசிந்தா கையாட்டிவிட்டு, அவனுக்காக உலை வைக்கக் கீழே இறங்குவாள்.

விமானியின் நாடித்துடிப்பைக்கூடக் கவனித்துத் தானே முடிவெடுக்கும் பாதுகாப்புக் கைப்பிடி எல்லா ஹெலிகாப்டருக்கும் கட்டாயம் என்றானதும் அந்தச் சாய்வு நின்றுபோனது. தேவையில்லாத எந்த அசைவுக்கும் அந்தக் கைப்பிடி இணங்காது. வீடு நெருங்கும்போது டெரன்ஸ் அழுத்திப் பார்ப்பான், நெஞ்சு படபடக்கும். கீழே அவள், என்னவோ ஏதோ என்று அவன் வந்து சேரும்வரை மாடியிலேயே நிற்பாள்.

அந்தப் படபடப்பையும் கைப்பிடி கவனித்திருக்கிறது. ஒரு மாலை, வீட்டுக்கு மேலே வந்ததும், தூங்கும் குழந்தையைத் தோள் மாற்றுவது போல, அதுவே ஹெலிகாப்டரை மெல்லச் சாய்த்து நிமிர்த்தியது.

"கைப்பிடி விட்டுக்கொடுத்திருச்சா?" என்று அன்றைக்கு ஜெசிந்தா கேட்டாள்.

"நான் விடுவேனா? மல்லுக்கட்டியில்லா சாய்ச்சேன்!" என்றான் டெரன்ஸ்.

பிறகு தினமும் சாய்ந்தது.

விடுமுறை நாளொன்றில் இருவரும் மாடியில் துணி மடித்துக்கொண்டிருந்தார்கள். வேறொரு விமானி ஓட்டிவந்த அதே ஹெலிகாப்டர், மஞ்சள் வெயிலில் மிதந்து வந்து, அவர்கள் தலைக்கு மேலே அழகாகச் சாய்ந்து போனது.

பழக்கத்தில் கையைத் தூக்கிய ஜெசிந்தா, பாதியில் நிறுத்திப் பக்கத்தில் நின்றவனைப் பார்த்தாள்.

"அப்போ இத்தனை நாளா நான் யாருக்குங்க கையாட்டுனேன்?"