வாசனையில்லாத சோப்பு

"அம்மா அனுப்புற கவுன்ல மட்டும் ஏன் பெரிம்மா உங்க சோப்பு வாசனை அடிக்குது?"

ஏழு வயதில் அவள் கேட்டது. அம்மா தூரதேசத்தில் வேலை பார்த்தாள். பிறந்தநாள் தவறாமல் பார்சல் வரும்.

"அக்கா தங்கச்சி ஒரே சோப்புதாண்டி போடுவோம். வாயத் தொற" என்று பெரியம்மா அடுத்த கவளத்தை ஊட்டினாள்.

இன்று ஊட்டுவது அவள் வேலை.

அழிந்துகொண்டிருக்கும் ஒரு கழுகினம். காட்டில் மிஞ்சியவை நாற்பத்தொன்று. இந்தக் குஞ்சின் முட்டை வேறொரு நாட்டு நிலையத்திலிருந்து, வெதுவெதுப்பான பெட்டியில், விமானமேறி இந்தக் காப்பு நிலையத்துக்கு வந்தது.

மனித முகத்தைப் பார்த்துப் பழகிய குஞ்சு மனிதர்களையே தேடி வரும்; காட்டில் பிழைக்காது. அதனால் திரைக்குப் பின்னால் நின்று, தாய்க்கழுகின் தலைபோலத் தைத்த கையுறையால் ஊட்ட வேண்டும். பேசக் கூடாது.

குஞ்சு நேற்றிலிருந்து இரை எடுக்கவில்லை.

"சாயங்காலத்துக்குள்ள சாப்பிடலன்னா கஷ்டம்மா" என்றார் டாக்டர். "அதுக்காகக் கொஞ்சிடாத. உன் வாயி சும்மா இருக்காது."

அவர் போனதும், திரையின் துவாரத்தில் கையை நுழைத்தாள்.

கையுறையின் அலகில் இறைச்சித் துணுக்கு. குஞ்சு தலையைத் திருப்பிக்கொண்டது.

ஒரு மணி நேரம். 'வாயத் தொறடா கண்ணு' என்பது தொண்டை வரை வந்தது. உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

படியளக்கிறவன் முகம் காட்டுவதில்லை என்று பெரியம்மா சாப்பாட்டுக்கு முன் சொல்வாள்.

அலகில் ஓர் இழுப்பு. பிறகு இன்னொன்று.

வயிறு நிறைந்த குஞ்சு, கையுறையின் கழுத்தில், அதாவது அவள் மணிக்கட்டில், தலைசாய்த்துத் தூங்கிப்போனது. கை மரத்தது. அவள் எடுக்கவில்லை.

பத்து வயதில், ஊசி தேடிப் பெரியம்மாவின் தையல் மெஷின் இழுப்பறையைத் திறந்தாள். அம்மா அனுப்பிய ஆறு கவுன்களின் வெட்டுத்துணிகளும் உள்ளே இருந்தன. அடியில் அம்மாவின் இறப்புச் சான்றிதழ். அவளுக்கு நான்கு வயதானபோது வாங்கியது.

இழுப்பறையை இருந்தபடியே மூடினாள். அடுத்த பிறந்தநாளுக்கும் பார்சல் வந்தது. போட்டுப் பார்த்துவிட்டு, "அளவு சரியா இருக்குன்னு அம்மாகிட்ட சொல்லிடுங்க பெரிம்மா" என்றாள்.

குஞ்சு புரண்டு படுத்ததும் மெல்லக் கையை உருவினாள். குழாயடிக்குப் போய், பையிலிருந்து தன் சோப்பை எடுத்தாள்.

வேலைக்குச் சேர்ந்த நாள்முதல் அவள் வாசனை சோப்பு போடுவதில்லை.

நிலையத்தின் விதிகளில் அது இல்லை.