வரிசையில் டெஸ்ட்2

அது இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.

டெஸ்ட்2 என்ற பெயரில் யாரோ போட்ட கணினிக் கணக்கு. முப்பத்தேழு மணி நேரமாக ஓடுகிறது. அதற்குப் பின்னால் இன்னொரு டெஸ்ட்2 காத்திருக்கிறது, பஸ் ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டு இடம் பிடித்த மாதிரி. அதற்கும் பின்னால்தான் அவளுடைய வேலை.

புதன்கிழமை காலை பத்தரை. வெள்ளி மாலை ஐந்துக்குள் திருத்திய ஆய்வேட்டைக் கொடுத்தாக வேண்டும். தேர்வாளர் கேட்ட கடைசிக் கணக்குக்கு நாற்பது மணி நேரம் பிடிக்கும்.

இன்று இரவுக்குள் ஏறாவிட்டால் அவ்வளவுதான்.

பெரிய கணக்குகளைப் போட, பல்கலைக்கழகம் முழுக்க ஒரே கிளஸ்டர், ஒரே கணினித் தொகுப்பு. யாருடைய வேலையும் அதில் நாற்பத்தெட்டு மணி நேரத்துக்கு மேல் ஓடாது. நேரம் முடிந்தால் பாதியிலேயே வெட்டிவிடும். போன மாதம்வரை ஓர் ஆய்வகம் ஒரே சமயத்தில் எட்டு வேலைகளை ஓட்டலாம். கூட்டம் பெருத்து, இப்போது இரண்டுதான். ஒன்றில் அவளுடைய வழிகாட்டி மேடத்தின் வேலை ஓடுகிறது. மற்றதில் இந்தச் சனியன் உட்கார்ந்திருக்கிறது.

ஆய்வகத்தில் மூன்று பேர். மூன்று பேருக்கும் ஒரே லாகின். யார் போட்டது என்று திரை சொல்லாது.

சொல்லித்தான் தெரிய வேண்டுமா?

செல்வின். இந்த ஜூலையில் சேர்ந்தவன். அவள் உள்ளே வந்தாலே லேப்டாப்பை மூடுகிறான். நேற்றுக் கேட்டதற்கு, "சத்தியமா நான் போடலக்கா" என்றான், தரையைப் பார்த்துக்கொண்டு. என்னமாய் நடிக்கிறான்!

நேரே மேடத்திடம் போனாள்.

"நிச்சயமா அவன்தான் மேடம்."

மேடம் அந்த நிமிடமே பாஸ்வேர்டை மாற்றினார். அவளுக்கு மட்டும் சொன்னார்.

"ரெண்டையும் எடுத்துடு. மறுபடி வருதான்னு பாப்போம். வரலைன்னா அவன்தான். பொய் சொல்ற பையனை நான் வச்சுக்க மாட்டேன்."

இடத்துக்கு வந்தாள். எடுப்பதற்கு முன், அது எந்த ஃபோல்டரிலிருந்து ஓடுகிறது என்று பார்த்து வைத்துக்கொள்ளலாம் என்று தோன்றியது. நாளைக்கு அவன் மறுத்தால் முகத்துக்கு நேரே காட்டலாம்.

ஃபோல்டர் அவளுடையது.

இன்னொரு தடவை பார்த்தாள். அவளுடையதுதான்.

போன வருடம் மார்ச்சில் எழுதியது. அன்றைய கணக்குக்குப் பத்து நாள் வேண்டும், கிளஸ்டர் தருவதோ இரண்டு நாள். அதனால், வேலை தொடங்கியதுமே அடுத்த சுற்றைத் தானே வரிசையில் போட்டுக்கொள்ளும்படி ஒரு வரி சேர்த்திருந்தாள். என்ன மூளை என்று தன்னையே மெச்சிக்கொண்டாள். கணக்கு முடிந்தது. கட்டுரை வந்தது. இதை நிறுத்த மறந்துபோனாள்.

ஒன்றரை வருடமாக, முடிந்துபோன கணக்கை அது திரும்பத் திரும்பப் போட்டுக்கொண்டிருக்கிறது. எட்டு இடம் இருந்தவரை யாருக்கும் உறைக்கவில்லை.

அப்போது செல்வின் இங்கே சேரவே இல்லை.

சீ என்றிருந்தது. எழுந்து மேடத்தின் அறைவரை போனாள். சொல்லிவிடலாம். மறந்துட்டேன் மேடம் என்றால் திட்டுவார், அவ்வளவுதானே.

மேடம் ஃபோனில் யாரிடமோ பேசிக்கொண்டிருந்தார். "இல்ல இல்ல, என் ஸ்டூடண்ட்தான் கண்டுபிடிச்சா. ரொம்ப நேர்மையான பொண்ணு."

கதவைத் தட்டத் தூக்கிய கையை இறக்கிக்கொண்டாள்.

திரும்பி வந்து இரண்டையும் நிறுத்தினாள். அவளுடைய வேலை உடனே ஏறியது. அப்பாடா என்றிருந்தது. அப்படித் தோன்றியதற்கு வெட்கமாகவும் இருந்தது.

பிறகு, ஒருவேளை யாராவது பார்த்துவிட்டால் என்ற பயம் வந்தது. சுற்றும் முற்றும் பார்த்தாள். தன் ஃபோல்டரில் இன்னும் கொஞ்ச நேரம் வேலை இருந்தது.

வெள்ளி விடிவதற்குள் முடிவு வந்துவிட்டது. மதியம் ஆய்வேட்டைக் கொடுத்தாள்.

மாலையில் மேடம் செல்வினைக் கூப்பிட்டார். அவளையும் கூப்பிட்டார். திரையைத் திருப்பிக் காட்டினார்.

"பாஸ்வேர்ட் மாத்தி ரெண்டு நாளாச்சு. ஒண்ணுகூட மறுபடி வரல. இதுக்கு என்ன சொல்ற?"

செல்வின் மேடத்தைப் பார்க்கவில்லை. அவளைப் பார்த்தான். கண் கலங்கியிருந்தது.

"அக்கா, அது எந்த ஃபோல்டர்ல இருந்து ஓடிச்சுன்னு நீங்களே பாத்துச் சொல்லுங்கக்கா. நீங்க சொன்னா மேடம் நம்புவாங்க."

மேடம் எழுந்து நாற்காலியை அவளுக்குக் கொடுத்தார்.

அவள் உட்கார்ந்தாள். ஒவ்வொரு ஃபோல்டராகத் திறந்து காட்டினாள். அவனுடையது, மேடத்தினுடையது, தன்னுடையது. எதையும் விடவில்லை. அவசரப்படவும் இல்லை.

அவன் குனிந்து ஒவ்வொரு பெயராக வாசித்துக்கொண்டு வந்தான்.

"பாத்தல்ல?" என்றாள். "எங்கயும் இல்லடா."