ஒட்டிய உறை

கவிஞர் இத்வால் இறந்து மூன்று வருடமாகிறது. அவருடைய காகிதங்கள் நாற்பத்தொரு பெட்டிகளில் நூலகத்தில் இருக்கின்றன. இன்று அவர் மனைவி தெக்வென், தான் எழுதிய கவிதை நோட்டு ஒன்றையும் ஒட்டிய உறை ஒன்றையும் கொண்டுவந்தாள்.

"போட்டிக்கா வந்தீங்க, மிஸஸ் பிரிச்சர்ட்?" நூலகத்து லோரி சிரித்தாள். ஐஸ்டெத்வத் என்னும் கவிதை விழாவின் போட்டியில் கவிதைமேல் புனைபெயர்தான் இருக்கும். சொந்தப் பெயர் ஒட்டிய உறைக்குள் இருக்கும்.

"நாப்பது வருஷம் முன்ன என் கவிதையை அனுப்பினேன், ஜெயிச்சுது. மேடையில உறையைப் பிரிச்சு, என் பேருக்குப் பதிலா அவர் பேரைப் படிச்சாங்க. அவரும் போய், ஜெயிச்ச கவிஞருக்குப் பரிசாத் தர்ற நாற்காலியில உக்காந்துட்டாரு. உறையை நான் மாத்தலைன்னு சாகிறவரைக்கும் சத்தியம் பண்ணாரு. நான் நம்பலை."

"இது யார் ஒட்டினது?"

"நான்தான். காலையில, வீட்ல தனியா. என் பேரைத்தான் எழுதியிருக்கேன். அந்தப் பேர்லயே பதிஞ்சுக்கோ."

லோரி உறையைப் பிரித்தாள். உள்ளே இத்வாலின் கையெழுத்தில் இத்வாலின் பெயர் இருந்தது. நோட்டைப் புரட்டினாள். கடைசிப் பக்கம்வரை அதே கையெழுத்து.

"இது அவர் எழுதினதுதானே, மிஸஸ் பிரிச்சர்ட்," என்று மெதுவாகச் சொல்லிவிட்டு, புதுப் பெட்டி ஒன்றில் நாற்பத்திரண்டு என்று பென்சிலால் எழுதினாள்.

காலையில் நக்கி ஒட்டிய பசையின் கசப்பு தெக்வெனின் நாக்கில் இன்னும் இருந்தது.