இரக்கம் கொண்டு

திங்கட்கிழமை காலை பத்தரை மணிக்கு ஆட்சியர் அலுவலகத்தில் பூதலிங்கத்தின் கையில் உத்தரவைக் கொடுத்தார்கள். அவர் வீட்டுப் பாதையை அடைத்திருந்த சுவரைச் சனிக்கிழமையே இடித்துவிட்டார்கள். ஒன்பது ஆண்டுகள் மனு கொடுத்தவர் நின்றபடியே படித்தார். ‘மனுதாரர்மேல் இரக்கம் கொண்டு’ என்றிருந்தது.

“யாருக்குவே வேணும் இரக்கம்? சொவரு கட்ட அனுமதி குடுத்தது ஆபீசு தப்புன்னு எழுதும்!”

“சொவருதான் போயிட்டே, பொறவு என்னவே?” என்றார் குமாஸ்தா.

வாசலில் மனு எழுதும் செல்லையாவின் மேசையில் பூதலிங்கம் உத்தரவை அறைந்தார். “சொவர திருப்பிக் கட்டச் சொல்லி எழுதும். தப்ப ஒத்துக்கிட்டு மறுபடி இடிக்கட்டும்.”

செல்லையா பேனாவை மூடினார்.

“ஒங்க வீட்டுல மதினி காலு முடங்கி, நாலு வருசங் கழிச்சு நேத்துதான சக்கர நாற்காலில தெருவுக்கு வந்தாவ. அவியகிட்ட கேட்டியளா, அண்ணாச்சி?”